கொம்பு, கால், மிச்சமாகிப்போன ஒரு ‘து’

மார்ச் 3, திங்கள்

பட்டறையில் புது நோட்டு கொடுத்தார்கள். பெட்டி பேசியதையும் பேசாததையும் முன்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே வர வேண்டுமாம். பின்பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆகவே பின்பக்கம் எனக்கு.

நோட்டைக் கொடுத்தவள் டிரைவரம்மா. பெயர் நான் வைத்ததுதான். வந்த அன்றைக்கே, “நான் டிரைவர் எழுதறேன்க்கா” என்றாள். எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பஸ் டிப்போவில் நாற்பது டிரைவர்கள் இருக்கிறார்கள், யாரையும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்றேன். செல்போனில் அடிக்கிற வார்த்தைகளைக் கம்பி வழியே கொண்டுபோய்ப் பெட்டிக்குள் இறக்கிவிடுகிற புரோகிராமுக்கு அப்படித்தான் பெயராம். ஏற்றி இறக்குகிற வேலைதானே, அப்புறம் டிரைவர் இல்லாமல் வேறென்ன?

பெட்டி என்றால் பேசும் பெட்டி. செங்கல் அளவு. நாம் அடிப்பதை உள்ளே இருக்கிற ஆண்குரல் படித்துச் சொல்லும். குரல் போனவர்களுக்காக எங்கள் பட்டறை செய்வது. ஸ்க்ரூ முடுக்குவது, ஒயருக்குச் சால்டர் வைப்பது, மூடியபின் பேசவிட்டுப் பார்ப்பது மூன்றும் என் வேலை. முதலில் தேறிய பெட்டி ஒன்று என் வீட்டு மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 4

வீட்டுக்காரரைப் பற்றி எழுதாமல் விட்டால் கோபித்துக்கொள்வார். படிக்க மாட்டார், ஆனாலும் கோபித்துக்கொள்வார்.

டிப்போவில் பத்தொன்பது வருடம் அறிவிப்பாளர். எல்லாரும் அவரை ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழாம் எண் எங்கே நிற்கிறது என்று கேட்டால், அது எங்கிருந்து வந்தது, ஏன் தாமதம், ஏறும்போது எந்தப் படி வழுக்கும் என்பதுவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் நடைமேடை எண்ணைச் சொல்வார். அதற்குள் பஸ் போய்விட்டது என்று நான் கேலி செய்வதுண்டு.

ஆறு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். கட்டி போனது. குரலும் கூடவே போனது. உயிர் தங்கியதே பெரிது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது பெரிதுதான். இப்போது அவரை உதிரிப் பாகங்கள் வைக்கிற அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். போல்ட்டுகளோடு. போல்ட்டு பதில் பேசாது, கேட்கவும் கேட்காது.

மார்ச் 5

இன்று டிப்போ மேலாளர் சொல்லியனுப்பிவிட்டார். இருபத்து நாலாம் தேதி டிப்போவில் வைத்தே பெட்டியைக் கேட்பாராம். பத்து அறிவிப்பு. முழுசாக, தப்பில்லாமல் படித்தால் இவருக்குப் பழைய நாற்காலி. இல்லையென்றால் உதிரி அறையே நிரந்தரம். அந்த நாற்காலிக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள்.

இவர் பெட்டியில், “சரி” என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

பெட்டிக்கு ஒரு குறை உண்டு. அதற்கு எது அனுப்பினாலும் நாற்பது துண்டாகத்தான் அனுப்ப வேண்டும். முட்டைத் தட்டு மாதிரி. நாற்பது குழி. ரெண்டே முட்டை என்றாலும் முழுத் தட்டு போகும். நாற்பத்தொன்றாவது முட்டை கீழே விழும்.

இவர் “வா” என்று அடித்தால் பெட்டி “வா” என்றுவிட்டு, ‘வ’வும் காலும் போக மிச்சம் முப்பத்தெட்டு வெற்றுக் குழியையும் படிக்கிறேன் பேர்வழி என்று வாயை மூடிக்கொண்டு நிற்கும். அதற்குள் நான் பத்து வார்த்தை பேசிவிடுவேன். ஒன்றரை மாதமாக எங்கள் வீட்டுச் சண்டையில் எல்லாம் எனக்குத்தான் வெற்றி. முதல் வாரம் நன்றாக இருந்தது.

நீளமாக அடித்தால் அதைவிட மோசம். ஊருக்கு அந்தப் பக்கத்து டிப்போவுக்குப் போகிற ஏழாம் எண்ணின் அறிவிப்பை இன்று பட்டறையில் அடித்துப் பார்த்தேன். ‘ஏழாம் எண் பேருந்து இன்று டிப்போவுக்குப் போகாது.’ பெட்டி, “ஏழாம் எண் பேருந்து இன்று டிப்போவுக்குப்” என்றது. நின்றது. போகுமா, போகாதா? நம் பாஷையில் அந்த விஷயமே கடைசியில்தானே வருகிறது. வாலை வெட்டினால் பஸ்ஸையே வெட்டின மாதிரி.

டிரைவரம்மா அதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். தட்டை மாத்திடறேன்க்கா என்றாள்.

மார்ச் 10

எப்படி மாற்றுவாள் என்று கேட்டேன். இனிமேல் டிரைவர் முதலில் பெட்டியிடம், இத்தனை துண்டு வருகிறது என்று எண்ணிக்கை சொல்லும். பிறகு அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும். பெட்டி சொன்ன எண்ணிக்கைக்கு எண்ணி எடுத்துக்கொள்ளும். ரெண்டு வந்தால் ரெண்டு, இருநூறு வந்தால் இருநூறு.

அதாவது வருகிறவர்களைக் கேட்டுவிட்டு இலை போடுவது என்றேன். சிரித்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். அவளுக்கு நான் ஜோக் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மார்ச் 13

இன்னும் முடியவில்லை. ஸ்க்ரூ முடுக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

புது டிரைவர் வந்துவிட்டது. “வா” என்று அடித்தால் “வா”. அடுத்த நொடி தயாராக நிற்கிறது. வாயடைத்த மௌனம் எல்லாம் இல்லை.

பிறகு நீளம். ‘நான்காவது நடைமேடையில் நிற்கும் சிவப்பு நிறப் பேருந்து பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பும்.’ ஒரு எழுத்து விடாமல் படித்தது. டிரைவரம்மா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கும் சுற்ற ஆசைதான். என் நாற்காலிக்குச் சக்கரம் இல்லை.

வீட்டுப் பெட்டிக்கும் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் இவரிடம் இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “சரி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பழகிவிட்டாரோ?

மார்ச் 17

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்துவிட்டே எழுதுகிறேன்.

பட்டறை முதலாளி பெட்டியைப் பார்க்க வந்தார். வெளுத்த சட்டை, பேனா குத்திய பை, தொண்டையைச் செருமாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். டிரைவரம்மா முதலில் ஏழாம் எண் அறிவிப்பை அடித்தாள். பெட்டி, “ஏழாம் எண் பேருந்து இன்று டிப்போவுக்குப் போகா” என்று நின்றது. சின்னக் கோளாறு சார் என்று சமாளித்துவிட்டு, அவரையே ஏதாவது அடிக்கச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி ‘வணக்கம் முதலாளி’ என்று அடித்தார்.

பெட்டி சொன்னது: “து. வணக்கம் முதலா.”

அந்த ‘து’ இருக்கிறதே, எங்கும் ஒட்டாமல், நல்ல கனமான ஆண்குரலில். நேராக மூஞ்சியில் துப்பின மாதிரி. முதலாளி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே துடைத்தார். நான் மேஜைக்கு அடியில் ஸ்க்ரூ தேடப் போய்விட்டேன்.

மறுபடி ‘எட்டாம் எண் வந்தது’ என்று அடித்துப் பார்த்தார்கள். “ளி எட்டாம் எண் வந்த.” அணைத்துப் போட்டால் சரியாகிறது. ஏழாம் எண்ணைச் சொன்னதும் திரும்ப ஆரம்பித்துவிடுகிறது.

டிரைவரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். எண்ணிக்கை குறைவாகப் போகிறது, அதுதான் என்றாள். எனக்கு பஸ் கணக்கில் புரிந்தது. இருபது பேர் என்று சொல்லிவிட்டார்கள், நிற்பதோ இருபத்திரண்டு. ரெண்டு பேர் நின்றுபோகிறார்கள். அடுத்த பஸ்ஸில் அவர்கள் முதலில் ஏறுகிறார்கள். அதில் வேறு ரெண்டு பேர் நின்றுபோகிறார்கள். அந்த ‘து’, பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஆள்.

ஆனால் ஏன் குறைகிறது? சில சமயம்தான் குறைகிறது. அவளுக்கும் தெரியவில்லை. நீளமானதில்தான் தப்பு வருகிறது என்று நினைக்கிறாள்.

மார்ச் 18

முதலாளி முடிவு சொல்லிவிட்டார். பழைய நாற்பதுக்கே திரும்ப வேண்டும். இருபத்து நாலாம் தேதி மேலாளர் முன்னால் பெட்டி துப்பினால் பட்டறைக்கே அவமானம். அறிவிப்பைச் சுருக்கிக்கொள்ளச் சொல்கிறார். ‘ஏழு, இல்லை.’ இப்படி.

மேலாளர் கேட்டது முழு அறிவிப்பு. ‘ஏழு, இல்லை’ என்று கேட்பதற்கு அவருக்கு ஓர் ஆள் எதற்கு? பலகையில் எழுதிப் போட்டுவிடுவார்.

வீட்டில் வந்து சொன்னேன். இவர் ‘நாற்பது போதும்’ என்று அடித்தார். பெட்டி, “நாற்பது போதும” என்றது. அதற்கே வாய் மூடவில்லை.

நான் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் நாப்பதுக்குள்ளயே வாழக் கத்துக்கிட்டாரு. அதுதான் என்னால தாங்க முடியல. பேச்ச நிறுத்துங்கன்னு பத்தொன்பது வருஷம் கெஞ்சினேனே, அந்த வாய்தானா இது? குரல் போனா போகட்டும். பேச்சு போகக்கூடாது. ரெண்டும் வேற வேற இல்லையா?

போதும்னா போதும்தானா?

மார்ச் 19, புதன்

டிரைவரம்மாவிடம் வெள்ளிவரை பழையதுக்குத் திரும்பாதே என்றேன். முதலாளியிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது.

நோட்டின் முன்பக்கத்தில் கோடு போட்டு ரெண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் கெட்டது, வலப்பக்கம் நல்லது. ஒவ்வொரு வார்த்தையாக அடிப்பது, அணைத்துப் போடுவது, அடுத்தது. அவள் நீளம் நீளம் என்கிறாள். நான் சின்னதாக ஆரம்பித்தேன்.

‘வா’ நல்லது. ‘போ’ கெட்டது. “பே” என்கிறது.

ஆக, நீளம் இல்லை. ‘போ’வைவிடச் சின்னதாக நான் எங்கே போவேன்?

மார்ச் 20

கெட்டது: போ, போடி, தொண்டை, கோபம்.
நல்லது: வா, அடியே, கழுத்து, சிரிப்பு, மேஜை.

வார்த்தைகளைப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கிறது. ‘போடி’ இவர் உபயம். வீட்டுப் பெட்டி அதை “போட” என்று சொல்லிவிட்டது. எதைப் போட என்று கேட்டேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். ஆறு மாதத்தில் அது ரெண்டாவது தடவை.

மார்ச் 21, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

பேனா மை சரியாக இறங்கவில்லை. ‘போ’ என்று எழுதினால் கொம்பு விழுகிறது, ‘ப’ விழுகிறது, கால் விழவில்லை. ‘பே’ என்று நிற்கிறது. உதறிவிட்டுக் காலை மட்டும் தனியாக இழுத்தேன். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியும் இதைத்தானே சொன்னது? அதுவும் கால் விழாத ‘போ’தானே?

இடப்பக்கத்தைப் பார்த்தேன். போ. போடி. தொண்டை. கோபம். எல்லாவற்றிலும் முன்னால் கொம்பும் பின்னால் காலும் உள்ள எழுத்து ஒன்று இருக்கிறது. வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ‘மே’ இருக்கிறது, கொம்பு மட்டும். ‘வா’ இருக்கிறது, கால் மட்டும். ரெண்டும் சேர்ந்தது இல்லவே இல்லை. ஏழாம் எண் அறிவிப்பை எடுத்தேன். டிப்போ, போகாது. அந்த மாதிரி ரெண்டு. நின்றுபோனது ‘து’. ‘த’ ஒன்று, அதன் சுழி ஒன்று. ரெண்டுக்கு ரெண்டு.

நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் டிரைவரம்மா முன்னால் வைத்தேன். “போ-வுல எத்தனை துண்டு?” என்று கேட்டேன்.

“ரெண்டுக்கா. ‘ப’ ஒண்ணு, அதோட குறி ஒண்ணு.”

“நான் நாலாங்கிளாஸோட நின்னவ. எனக்கு மூணு. கொம்பு, ‘ப’, கால். உன் பெட்டி எத்தனாங்கிளாஸ்?”

அவள் நிமிர்ந்தாள். திரையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். பிறகு ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். விரலிடுக்கு வழியாக, “பெட்டிக்கும் மூணுதான்க்கா” என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். செல்போன், கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே துண்டாகக் கொடுக்கிறது. பெட்டிக்குள் இருக்கிறவனுக்குச் சேர்த்துக் கொடுத்தால் படிக்கத் தெரியாது, தனித்தனியாக வேண்டும். அதனால் டிரைவர் அதைப் பிரித்து அனுப்புகிறது. ஆனால் எண்ணிக்கையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே எண்ணிவிடுகிறது. நாற்பது குழி இருந்த காலத்தில் எண்ணிக்கையே சொல்ல வேண்டியதில்லை, அதனால் வெளியே தெரியவில்லை. பாக்கெட்டைப் பிரிக்காமல் ஸ்க்ரூவை எண்ணினால் எனக்கும் இப்படித்தான் ஆகும்.

எண்ணுகிற வரியை வெட்டி, பிரிக்கிற வரிக்குக் கீழே ஒட்டினாள். ஒரே ஒரு வரி. அதற்குத்தான் ஒரு வாரம். கூடவே, ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்னாலும் வரிசையில் பழைய ஆள் யாராவது நிற்கிறானா என்று பார்த்து விரட்டிவிடவும் எழுதினாள்.

‘போ’ என்று அடித்தேன்.

“போ.”

இத்தனை மரியாதையில்லாத வார்த்தை காதுக்கு இவ்வளவு இனிமையாக இருந்ததே இல்லை. ரெண்டு பேரும் மாற்றி மாற்றி அதையே இருபது தடவை அடித்தோம். முதலாளி எட்டிப் பார்த்து, யாரைப் போகச் சொல்கிறது என்று கேட்டார். உங்களை இல்லை என்றேன். அப்படியே ‘வணக்கம் முதலாளி’யையும் அடித்துக் காட்டினேன். கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்டார். துப்பவில்லை. திங்கட்கிழமை இதையே எடுத்துப் போங்கள் என்றார்.

மார்ச் 22

வீட்டுப் பெட்டிக்கும் போட்டாயிற்று. இவர் கொஞ்சம் கொஞ்சமாகத் துணிகிறார். காலையில் நாலு வார்த்தை. மத்தியானம் ஒன்பது. நான் கேட்காத மாதிரி நடிக்கிறேன். பார்த்தால் நின்றுவிடுவாரோ என்று ஒரு பயம்.

மார்ச் 23

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அவரே போட்டதற்கு மேல் மறுபடியும் போட்டேன்.

மார்ச் 24, திங்கள்

நானும் இவரும் டிரைவரம்மாவும் நேரத்தோடு டிப்போவுக்குப் போய்விட்டோம். அறிவிப்பு அறையில் அவருடைய நாற்காலி மேல் யாரோ பழைய நாளிதழ்க் கட்டை வைத்திருந்தார்கள். அதை எடுத்துக் கீழே வைக்கவில்லை இவர். நின்றுகொண்டேதான் பெட்டியை மைக்குக்கு எதிரே வைத்தார். இன்னும் தன்னுடையது ஆகவில்லை என்று நினைத்திருப்பார்.

மேலாளர் தாளைக் கொடுத்தார். பத்து அறிவிப்பு. நான் கதவோரம் நின்று ஒவ்வொன்றிலும் கொம்பும் காலும் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாம் எண் வந்தபோது எண்ணுவதை விட்டுவிட்டேன்.

“ஏழாம் எண் பேருந்து இன்று டிப்போவுக்குப் போகாது.”

து. அதன் இடத்தில், கடைசியில், அடக்கமாக. வெளியே நடைமேடையில் ஒரு பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பஸ்ஸுக்கு நடந்தார். பாதிச் சேதி கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பார்.

பத்தும் முடிந்தது. மேலாளர் அதோடு விடவில்லை. தானே ஒன்று எழுதிக் கொடுத்தார்: ‘தொலைந்துபோன தோல் பை ஒன்று மேலாளர் அறையில் உள்ளது.’ மூன்று கொம்புகால். டிரைவரம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திவிட்டது. பெட்டி படித்தது. ஒரு சுழி சிந்தவில்லை.

மேலாளர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “பழைய குரல் மாதிரி இல்லம்மா” என்றார். நான் நாற்காலியைப் பார்த்தேன். “ஆனா இது சொல்றது புரியுது. அவர் சொல்றப்போ பாதி புரியாது” என்றார். அதன்பின் நாற்காலியிலிருந்து நாளிதழ்க் கட்டை அவரே எடுத்துக் கீழே வைத்தார்.

இவர் உட்கார்ந்தார். சக்கரம் கிறீச்சிட்டது. பத்தொன்பது வருடம் எண்ணெய் போடச் சொல்லி நான் திட்டிய அதே சத்தம்.

வெளியே வந்து நானும் டிரைவரம்மாவும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பஸ் பார்த்தோம். அப்புறம் அவள், வீட்டுக்குப் போய்த் தூங்கணும்க்கா என்றாள். போ என்றேன். மூணு துண்டு என்றாள்.

மார்ச் 27

வேலைக்குப் போகும் வழியில் டிப்போ வழியாகவே போனேன். சுற்றுதான், இருக்கட்டும். ஒலிபெருக்கியில்: “ஐந்தாம் எண் பேருந்து மூன்றாம் நடைமேடையில் நிற்கிறது. பின்படி ஈரமாக இருக்கிறது. குடையை மறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய அம்மா, மழை வரும்போல் இருக்கிறது.”

அண்ணாந்து பார்த்தேன். வானம் கருத்திருந்தது. கையில் குடை இல்லை. நடைமேடையில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் எனக்கில்லை என்பதுபோல் விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

நனைந்தேன்.

ஏப்ரல் 2

டிரைவரம்மாவுக்கு இவரிடமிருந்து புகார் போயிருக்கிறது. ஒரு தடவைக்கு ஐந்நூறு துண்டுக்கு மேல் போனால் பெட்டி ரெண்டு தவணையாகப் படிக்கிறதாம், நடுவில் மூச்சு வாங்குகிறதாம், அந்த இடைவெளியில் வீட்டில் ஒரு ஆள் புகுந்து பேசிவிடுகிறாளாம். தவணை தெரியாமல் ஒட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த இடைவெளி இருக்கட்டும் என்று நான் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று எழுத நேரமில்லை. காலையிலிருந்து சண்டை. அவர் இன்னும் முடிக்கவில்லை.